அக்கா வாங்கிய கார்பன் சக்கரம்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், அந்தச் சக்கரங்களின் விலையை நான் சொல்லப் போவதில்லை. சொன்னால் நீங்களும் எங்கள் அண்ணன் கட்சியில் சேர்ந்துகொள்வீர்கள். "சைக்கிளுக்கா? இல்ல, வெறும் சக்கரத்துக்கா?" என்று வாயைப் பிளப்பீர்கள். ஊரே பிளந்து மூடியாகிவிட்டது. என் அக்கா உழைத்த காசு, என் அக்கா வாங்கினாள். அதில் யாருக்கு எங்கே வலிக்கிறது என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை.

அக்கா டவுன் பஸ் ஓட்டுகிறவள். அவள் பஸ்ஸில் ஏறினால் மடியில் முட்டைத் தட்டை வைத்துக்கொண்டு தூங்கலாம். பள்ளம் வருவதற்கு முன்பே அவள் கால் பிரேக்கைத் தொட்டிருக்கும். வண்டி மெல்ல இறங்கி மெல்ல ஏறும், நிற்கிறவர்கள் கம்பியைக்கூடப் பிடிக்க மாட்டார்கள். டிப்போவில் அவளுக்கு 'நிதானம்' என்றே பெயர். "நிதானம் வந்தாச்சா?", "இன்னிக்கு நிதானம் லீவுப்பா" என்றுதான் பேசிக்கொள்வார்கள். அந்த நிதானத்தை எல்லாம் அவள் டிரைவர் சீட்டிலேயே கழற்றி வைத்துவிட்டு வந்துவிடுவாள் என்பது வீட்டில் இருக்கிற எங்களுக்குத்தான் தெரியும். கோபம் வந்தால் பாத்திரங்கள் பேசும்.

நான் அவளுக்கு அடுத்தவள். பெண்களுக்கு முடி வெட்டுகிற கடை வைத்திருக்கிறேன். ஊர் வம்பு அத்தனையும் என் நாற்காலியில் உட்கார்ந்து எழுந்துதான் அடுத்த தெருவுக்குப் போகும்.

சைக்கிளை அவள் தேடிப் போகவில்லை. அவள் பையன் வேலைக்காக வெளியூர் போனபோது மாடிப்படிக்கு அடியில் விட்டுப்போன மலைச் சைக்கிள் அது, தடித்த டயர் போட்டது. சர்க்கரை ஏறியிருக்கிறது, தினமும் நடக்க வேண்டும் என்று டாக்டர் சொன்னார். "நடக்கறதுக்கெல்லாம் எனக்குப் பொறுமை கிடையாது டாக்டர்" என்று சொல்லிவிட்டு வந்து, அக்கா அந்தச் சைக்கிளை வெளியே இழுத்தாள். முதல் நாள் தெருமுனை வரை போய், நாய் துரத்தியது மாதிரி மூச்சு வாங்கிக்கொண்டு திரும்பினாள். பிறகு பழைய கல்குவாரி மேடு வரை போனாள். அப்புறம் குன்றின் உச்சியில் இருக்கிற செல்போன் கோபுரம் வரை. டாக்டர் சர்க்கரையைப் பார்த்துச் சிரித்தார். அக்கா அதற்குள் சர்க்கரையையே மறந்துபோயிருந்தாள்.

அந்தக் குன்றில் எங்கள் ஊர் சைக்கிள் கிளப் வருடத்துக்கு ஒருமுறை போட்டி வைக்கும். குவாரிச் சாலையில் ஏறி, கோபுரத்தைச் சுற்றி, கல்லும் வேருமாகக் கிடக்கிற ஓடைப் பாதையில் இறங்கி, தண்ணீர்த் தொட்டியைத் தாண்டி, ஆற்றங்கரை வழியாக விளையாட்டுத் திடலுக்கு வந்து கோட்டைத் தாண்ட வேண்டும். தொட்டிக்கு ஒரு நேரம் வைத்திருப்பார்கள். அதற்குள் வராதவர்களை விசில் ஊதித் திருப்பி அனுப்பிவிடுவார்கள். திடலிலும் ஒரு நேரம் உண்டு, மணி அடித்து மூடிவிடுவார்கள். வழியில் சைக்கிளை ஓட்டலாம், தள்ளலாம், தூக்கலாம், உருட்டலாம். வேறு ஒருவர் கை மட்டும் அதில் படக்கூடாது. பட்டால் போச்சு.

மூன்று வருடமாக அக்காவைத் தொட்டியிலேயே திருப்பி அனுப்பினார்கள். ஏற்றத்தில் தன் வயதில் பாதி இருக்கிறவர்களை எல்லாம் அவள் தாண்டிவிடுவாள். இறக்கத்தில் அத்தனை பேரும் அவளைத் தாண்டிவிடுவார்கள். விசில் ஊதுகிறவர் ஒரு ஓய்வுபெற்ற விளையாட்டு ஆசிரியர். "மன்னிச்சுக்கோங்கம்மா" என்று சொல்லிவிட்டுத்தான் ஊதுவார். மூன்றாவது முறை அக்கா அங்கேயே உட்கார்ந்து அழுதுவிட்டாள். ஊருக்கெல்லாம் நேரத்துக்கு பஸ் கொண்டுவருகிறவள், தான் லேட் என்று திருப்பி அனுப்பப்பட்டால் எப்படி இருக்கும்?

பழைய சக்கரம்தான் காரணம் என்று அவள் முடிவு கட்டினாள். அந்தச் சமயத்தில், விபத்தே இல்லாமல் ஓட்டியதற்காக டிப்போவில் அவளுக்கு ஒரு தொகையும் கிடைத்தது. என்னையும் இழுத்துக்கொண்டு சைக்கிள் கடைக்குப் போனாள். கடைக்காரர் நேர்மையான மனிதர், அதுதான் தொல்லை.

"உங்களுக்கு இது வேண்டாம்மா. அலுமினியமே தாராளம்" என்றார் அவர். "கார்பன் கொஞ்சம் எடை கம்மி, கொஞ்சம் விறைப்பு. ஆனா கண்ணைக் கட்டிட்டு ஓட்டச் சொன்னா, பத்துல ஒன்பது பேருக்கு எது எதுன்னு தெரியாது."

"கண்ணைக் கட்டிட்டு எவன் மலைல ஓட்டுவான்?"

"பேச்சுக்குச் சொல்றேன்மா. நல்ல டயரா போட்டு, காத்தை அளவா வெச்சு, இறக்கத்துல நாலு வாட்டி பழகினாலே போதும். இவ்வளவு காசைக் கொட்டணுமா?"

"அந்தப் பத்தாவது ஆளுக்கு வித்தியாசம் தெரியுமா, தெரியாதா?"

"அவருக்குத் தெரியும்."

"அப்ப நான்தான் அந்தப் பத்தாவது ஆள். பில் போடுங்க."

அந்தப் பணத்துக்கு வீட்டில் ஏற்கெனவே வேறு வேலை வைத்திருந்தார்கள். அத்தான் மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிறவர். அக்காவின் ஷிப்ட் ஒரு நாளைப் போல ஒரு நாள் இருக்காது என்பதால் சமையலும் அவர்தான். அவர் சமையலறையில் ஒரு அலமாரிக் கதவு கீல் கழன்று கயிற்றில் நிற்கிறது. இன்னொன்றைத் திறந்தால் கையோடு வந்துவிடும். புதுக் கதவுகளுக்கு அவர் அளவெல்லாம் எடுத்து வைத்திருந்தார்.

அக்கா இரண்டு பெரிய அட்டைப்பெட்டிகளோடு உள்ளே நுழைந்தபோது, அவர் கதவுதான் வந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டார். பாவம், ஆசையாக ஓடிவந்து அவரே பெட்டியைப் பிரித்தார். உள்ளே கன்னங்கரேலென்று, ஒரு பளபளப்புகூட இல்லாமல் சக்கரம்.

"இது என்ன?"

"கார்பன்" என்றாள் அக்கா.

"கதவு?"

"அடுத்த வருஷம் பாக்கலாம்."

அத்தான் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. சமையலறைக்குப் போய் அந்தக் கயிற்றை அவிழ்த்து மறுபடி இறுக்கிக் கட்டினார்.

கத்துவதற்கு அண்ணன் இருக்கிறானே. எங்கள் மூவரில் மூத்தவன், மின்சாமான் கடைக்காரன். எதைப் பார்த்தாலும் அதை மறுபடி விற்றால் என்ன தேறும் என்றுதான் அவன் புத்தி போகும். விஷயம் காதில் விழுந்ததும் கடையைக்கூடச் சாத்தாமல் வந்துவிட்டான்.

"மூளை கீளை இருக்கா உனக்கு? கல்லுல பட்டா விரிசல் விட்டுடுமாமே, நான் விசாரிச்சுட்டுத்தான் வரேன். நாளைக்கே திருப்பிக் குடுத்துடலாம். பெட்டி பத்திரமா இருக்கா?"

சாப்பிட்டுக்கொண்டிருந்த அக்கா நிமிரக்கூட இல்லை. "பெட்டி டிப்போ பூனைக்குப் போயாச்சு. குட்டி போட்டிருக்கு."

"மாப்பிள்ளை, நீங்களாச்சும் வாயைத் திறங்க!"

"நான் ஒரு கதவு கேட்டேன். வேற ஒண்ணும் கேக்கல" என்றார் அத்தான்.

அது அக்காவைக் குத்திவிட்டது. கையைக் கழுவிவிட்டு வந்து நடுக்கூடத்தில் நின்றாள். "சரி, கேட்டுக்கோங்க. இந்த வருஷம் திடல்ல மணி அடிக்கறதுக்குள்ள கோட்டைத் தாண்டலேன்னா, சக்கரம் மட்டுமில்ல, சைக்கிளையே வித்துடறேன். இனிமே ஏறவும் மாட்டேன். அந்தக் காசுல கதவு போட்டுக்கலாம். தாண்டிட்டேன்னா, ஒருத்தரும் இதைப் பத்தி என்கிட்ட மூச்சு விடக் கூடாது."

"எனக்குச் சம்மதம்" என்றான் அண்ணன்.

"உன்னை யாரு சம்மதம் கேட்டா?" என்று நான் எகிறினேன். ஆனால் வார்த்தை விழுந்தது விழுந்ததுதான், அக்கா பேச்சு மாற மாட்டாள். நாள் முழுக்க மற்றவர்களை அவரவர் இடத்தில் இறக்கிவிடுகிறவள், தனக்காகப் போகிற ஒரே இடம் அந்தக் குன்று. அதையும் பிடுங்கிவிட்டால் அவளுக்கு என்ன மிச்சம்? ஷிப்டும் மாத்திரையும்தான்.

மறுநாளே என் கடையில் ஆரம்பித்துவிட்டார்கள். தையற்கடைக்காரி ஒருத்தி தலையை நனைத்துக்கொண்டு உட்கார்ந்தபடி, "உங்கக்கா தங்கத்துல சக்கரம் வாங்கிட்டாங்களாமே?" என்றாள்.

"ஆமா, வைரத்துல பெல்லும் வாங்கப் போறா. தலையை ஆட்டாதீங்க, கத்திரி என் கையில இருக்கு, காது உங்களோடது."

இதே ஊரில் ஒருத்தர் மாடியில் யாருமே தங்காத அறையைக் கட்டிப் பூட்டி வைத்திருக்கிறார். இன்னொருத்தர் வீட்டு வாசலில், மழைக்குக்கூட வெளியே எடுக்காத கார் துணி போர்த்திக்கொண்டு நிற்கிறது. அதெல்லாம் சொத்தாம். ஒரு பொம்பளை தன் காலால் மிதிக்கிற சக்கரம் மட்டும் ஊதாரித்தனமாம்! நல்லா இருக்கு நியாயம்.

ஆனால் உண்மையையும் சொல்ல வேண்டும். புதுச் சக்கரம் போட்டபின் அக்கா வேகமாகப் போகவில்லை. இன்னும் மெதுவாகத்தான் போனாள். காசு போட்ட பயம். ஒவ்வொரு கல்லையும் சுற்றிக்கொண்டு, பஸ்ஸைப் பள்ளத்தில் இறக்குகிற மாதிரியே இறங்குவாள். வீட்டுக்கு வந்ததும் மெல்லிய துணியால் சக்கரத்தைத் துடைத்து, எங்காவது கீறியிருக்கிறதா என்று வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்ப்பாள். பிள்ளைக்குக்கூட அவ்வளவு பார்த்திருக்க மாட்டாள்.

இன்னொரு கூத்தும் இருந்தது. ஒவ்வொரு முறை கிளம்பும்போதும் டயரில் கல் மாதிரி காற்றடிப்பாள். அடித்துவிட்டு, டிப்போவில் டிரைவர்கள் செய்கிற மாதிரி காலால் ஒரு உதை விட்டுப் பார்ப்பாள். டங்கென்று திரும்ப வந்தால்தான் அவளுக்குத் திருப்தி. சைக்கிள் கடைக்காரர் பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார்.

"அம்மா, இது பஸ் டயர் இல்ல! மலைல காத்து கம்மியா இருக்கணும். டயர் கல்லைக் கவ்வணும்மா. இப்படி அடிச்சா அது துள்ளத்தான் செய்யும்."

"மெத்துமெத்துன்னு டயரை வெச்சுக்கிட்டு வண்டியை வெளிய எடுத்தா எங்க டிப்போல மெமோ குடுப்பாங்க. இத்தனை வருஷத்துல நான் ஒரு மெமோ வாங்கினதில்ல" என்றாள் அக்கா.

போட்டி நாள் வந்தது. நான் கடையைச் சாத்திவிட்டுத் தண்ணீர்த் தொட்டிக்குப் போய் விசில்காரர் பக்கத்தில் நின்றுகொண்டேன். அங்கிருந்து பார்த்தால் ஓடைப் பாதையின் கடைசி இறக்கம் முழுவதும் தெரியும். அக்கா மேலே வந்து சேர்ந்தபோது நேரம் இருந்தது. 'அப்பாடா' என்றிருந்தது எனக்கு. இறங்க ஆரம்பித்தாளோ இல்லையோ, சைக்கிள் பந்து மாதிரி துள்ளத் தொடங்கியது. ஒரு கல்லிலிருந்து அடுத்த கல்லுக்குத் தூக்கித் தூக்கிப் போட்டது. அவள் பிரேக்கைப் பிடித்தாள், விட்டாள், மறுபடி பிடித்தாள். பின்னால் வந்தவர்கள் ஒவ்வொருவராக அவளைத் தாண்டிக்கொண்டு எங்களிடம் வந்து சேர்ந்தார்கள். விசில்காரர் கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு என் முகத்தைப் பார்க்காமல் தொண்டையைச் செருமினார்.

அப்போது அவள் விழுந்தாள். சைக்கிள் ஒரு பக்கம், அவள் ஒரு பக்கம்.

"ஐயோ அக்கா!" என்று கத்திக்கொண்டு ஓடப் போனேன். விசில்காரர் என் கையைப் பிடித்துவிட்டார்.

அவள் எழுந்தாள். முழங்கால் கிழிந்து ரத்தம் வழிந்தது, அதை அவள் பார்க்கவே இல்லை. குனிந்து சக்கரத்தைத்தான் பார்த்தாள். கருப்பு விளிம்பில் நீளமாக வெள்ளைக் கீறல், எங்கள் இடத்திலிருந்தே தெரிந்தது. இப்போது அழப் போகிறாள் என்று நினைத்தேன்.

"கீறிடுச்சா?" என்று அவள் சக்கரத்தைப் பார்த்துச் சத்தம் போட்டாள். "கீறிடுச்சில்ல? அப்புறம் என்ன இருக்கு பயப்பட? போ!" ஓங்கி டயரை ஒரு உதை விட்டாள். அது டங்கென்று அவள் காலைத் திருப்பி அடித்தது. அவ்வளவுதான், அவளுக்கு எங்கிருந்து அப்படி ஒரு வெறி வந்ததோ, உட்கார்ந்து டயர் மூக்கைத் திருகி அழுத்தினாள். புஸ்ஸென்று காற்று போனது. முன் சக்கரம், பின் சக்கரம், இரண்டிலும். "மெமோ குடுக்கறதுன்னா குடுங்கடா!" என்று குன்றுக்கே கேட்கிற மாதிரி கத்திவிட்டு ஏறி உட்கார்ந்தாள்.

அதற்கப்புறம் வந்தாள் பாருங்கள்! சைக்கிள் துள்ளவில்லை. கல்லின் மேல் ஏறி, வேரின் மேல் வழுக்கி, தண்ணீர் ஓடுகிற மாதிரி இறங்கியது. அவள் கை பிரேக்கில் இல்லை. இத்தனை வருடத்தில் என் அக்கா எதற்கும் பிரேக் பிடிக்காமல் வந்து நான் பார்த்ததே இல்லை. விசில்காரர் விசிலை வாயில் வைத்தபடியே நின்றார். "தள்ளுங்க! தள்ளுங்க!" என்று கத்திக்கொண்டே நேரம் முடியுமுன் எங்களைத் தாண்டிப் போனாள், ஒரு வாய் தண்ணீர்கூட வாங்காமல். நான் குதித்த குதியில் என் செருப்பு அறுந்தது.

விசில்காரர் தன் மோட்டார் சைக்கிளில் என்னைத் திடலுக்குக் கொண்டுவந்து விட்டார். அத்தான் கோட்டருகே கையைப் பிசைந்துகொண்டு நின்றார். அண்ணனும் வந்திருந்தான், சும்மா வரவில்லை, சைக்கிளை வாங்கிக்கொள்ள ஒரு ஆளையும் கையோடு கூட்டி வந்திருந்தான்! எனக்கு வந்த ஆத்திரத்தில் அங்கேயே அவனை நாலு வார்த்தை கேட்டிருப்பேன். "அவ தொட்டியைத் தாண்டியாச்சு, தெரியுமா?" என்று மட்டும் சொன்னேன்.

"தாண்டிட்டாளா?" என்றான். அவன் முகம் ஒரு மாதிரி ஆனது.

ஒவ்வொருவராக வந்து சேர்ந்தார்கள். அக்காவைக் காணோம். மணியடிக்கிறவர் மணிக்குப் பக்கத்தில் போய் நின்றுவிட்டார். எனக்கு உயிரே போய்விட்டது. அப்போதுதான் ஆற்றங்கரை வளைவில் ஒரு உருவம் தெரிந்தது. நடந்து வருகிறது. தோளில் சைக்கிள்.

பிறகு தெரிந்தது, கோபத்தில் அவள் காற்றை அளவுக்கு மீறி இறக்கிவிட்டிருக்கிறாள். ஆற்றங்கரையில் ஒரு கூரான கல் டயரை நசுக்கிக்கொண்டு நேரே சக்கரத்தையே அடித்திருக்கிறது. பின்சக்கரம் பட்டென்று வெடித்துப் பிளந்துவிட்டது. உருட்டவும் முடியாது. தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு நடந்திருக்கிறாள்.

நொண்டி நொண்டி வந்தாள். திடலுக்குள் நுழைந்தபோது கால் மடங்கி, சைக்கிளோடு சாயப் போனாள். அத்தானால் தாங்க முடியவில்லை. "குடு, நான் பிடிச்சுக்கறேன்" என்று ஓடினார்.

"தொடாதீங்க மாப்பிள்ளை!"

கத்தியது அக்கா இல்லை, நானும் இல்லை. அண்ணன். பாய்ந்துபோய் அத்தான் சட்டையைப் பிடித்து இழுத்தான். "கை பட்டா எல்லாம் போயிடும், தள்ளி நில்லுங்க! ஏய், நீ நட! நிக்காதே, நட! மணியைப் பாக்காதே, கோட்டைப் பாத்து நட!" கழுத்து நரம்பு புடைக்கக் கத்தினான். சைக்கிளை வாங்க வந்த ஆள் அவனையே வெறித்துப் பார்த்தான்.

அக்கா நடந்தாள். பல்லைக் கடித்துக்கொண்டு, யாரையும் பார்க்காமல் கோட்டைத் தாண்டினாள். அவள் சைக்கிளைக் கீழே வைத்த பிறகுதான் மணி அடித்தது. நான் அழுதேன், சொல்வதற்கு என்ன வெட்கம்? ஓவென்று அழுதேன்.

அத்தான் அவளைத் தரையில் உட்கார வைத்து முழங்காலைத் துடைத்தார். "உங்க கதவு..." என்று ஆரம்பித்தாள் அவள். "கயிறு நல்லாத்தான் இருக்கு, நீ காலை நீட்டு" என்றார் அவர்.

சைக்கிள் கடைக்காரர் வந்து பிளந்த சக்கரத்தைத் தடவிப் பார்த்தார். "காத்தை இப்படியா இறக்குவீங்க? அலுமினியமா இருந்தா நெளிஞ்சிருக்கும். தட்டிவிட்டு மெல்ல ஓட்டிட்டே வந்திருக்கலாம்" என்றார். நான்தான் சொன்னேனே, நேர்மையான மனிதர்.

இது போதாதா அண்ணனுக்கு? அதற்குள் அவனுக்குப் பழைய குரல் திரும்பியிருந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டதை நான் பார்க்கவில்லை என்று நினைப்பு. "கேட்டுக்கோ! காத்தை இறக்கினதும்தான் வேகம் வந்துச்சு. காத்தை இறக்கக் காசா பணமா? பழைய சக்கரத்துலயே இறக்கியிருக்கலாம். இதோ, உடைஞ்சும் போச்சு. பேசக் கூடாதுதான், இந்த ஒண்ணை மட்டும் கேட்டுடறேன். அவ்வளவு காசைக் கொட்டின இந்தச் சக்கரம் உனக்கு எதுக்குத்தான் உதவுச்சு?"

சுற்றி நின்ற எல்லோரும் அக்காவைப் பார்த்தார்கள். அவள் சாவகாசமாகப் பாட்டிலில் இருந்த தண்ணீரைக் குடித்து முடித்தாள். புறங்கையால் வாயைத் துடைத்தாள்.

"ஆத்தங்கரைல இருந்து சுமந்துட்டு வந்தேன்ல?" என்றாள். "தூக்கறதுக்கு நல்லா லேசா இருந்துச்சு."